செத்த பல்

பல்லில் பூச்சி விழுந்தால் கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார்கள் நம் பாட்டிமார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. பாபிலோனிய மக்களும் பல்லுக்குள் புழு இருப்பதாகவே நம்பினார்கள். களிமண் பலகையில் அதற்கு மந்திரம்கூட எழுதி வைத்தார்கள். 1728-ஆம் ஆண்டில்தான் பாரிஸ் நகரத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார், தாம் தேடியும் அந்தப் புழுவைக் காணவில்லை என்று தம் பெரிய நூலில் எழுதினார்.

புழு இல்லையே தவிர, உயிருள்ள ஒன்று உள்ளே இருக்கத்தான் செய்கிறது. மேலே எனாமல், அதனுள் டென்டின், அதற்கும் உள்ளே மென்மையான கூழ். வேரின் நுனித் துவாரம் வழியாக ரத்தமும் நரம்பும் அதற்கு வருகின்றன. சொத்தை அதுவரை போய்விட்டால், வீங்க இடமில்லாத அறைக்குள் கூழ் வீங்கும். இரவெல்லாம் தூக்கம் போகும். பிறகு ஒரு நாள் வலி தானே நின்றுவிடும். தேவலை என்று சந்தோஷப்படுகிறோம். உள்ளே கூழ் செத்துப் போயிருக்கும்!

செத்ததை எடுத்துவிட்டு வெற்றிடத்தை அடைப்பதுதான் வெகுகாலமாக வைத்தியம். 1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்டு என்பவர் கடிகாரச் சுருள்வில்லை அராவி அதற்கொரு கருவி செய்தார். (பிற்பாடு துப்பாக்கி செய்து பெயர் வாங்கியவரும் இவரே.) அடைப்பதற்கு மலாய்க் காட்டு மரப்பாலாகிய கட்டாபெர்ச்சா வந்தது, இன்றும் அதுதான்.

அடைத்த பல் மெல்லும், கடிக்கும். பெரியவர்களுக்கு அது போதும். எட்டு வயதுப் பையன் விழுந்து முன்பல்லை இடித்துக்கொண்டால்தான் சங்கடம். கூழ் செத்தால் வேரின் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. மெல்லிய சுவரும் மூடாத நுனியுமாக நிற்கும் பல், பின்னால் ஒரு சின்ன அடிக்கே முறிந்து போகலாம். அவனோ இன்னும் அறுபது வருஷம் சிரிக்க வேண்டியவன்!

1961-ல் நார்வே நாட்டு நிகார்ட் ஊஸ்ட்பி ஒரு துணிச்சலான முயற்சியை வெளியிட்டார். சுத்தம் செய்த வேருக்குள் வேண்டுமென்றே ரத்தம் கசியவிட்டு உறைய வைத்தார். உள்ளே நார்த் திசு வளர்ந்தது. பழைய கூழ் மட்டும் வரவில்லை.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்களில் கிராந்தோஸ், ஷி முதலிய விஞ்ஞானிகள், பிடுங்கிப் போடும் ஞானப் பல்லின் கூழில் ஸ்டெம் செல்களைக் கண்டுபிடித்தார்கள். வாழைக்குக் குருத்து எப்படியோ, அப்படி உடம்புக்கு இவை. எலியின் தோலுக்கடியில் வைத்தபோது டென்டின் போன்ற பொருளையே உண்டாக்கின. பிறகு ஷியின் ஆறு வயது மகளுக்குப் பல் ஆடியது. விழுந்த பல்லின் உள்ளே சிவப்பாக ஏதோ இருப்பதை அந்தத் தகப்பனார் கவனித்தார். ஒரு பால்பல்லில் 12 முதல் 20 வரை இத்தகைய செல்கள் கிடைக்கும் என்று 2003-ல் அவருடைய குழு எழுதியது. நாம் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்த பற்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தச் செல்களைக் குழந்தைகளின் வாயிலேயே வைத்துப் பார்த்தவர்கள் சீனாவின் சியான் நகரத்து மருத்துவர்கள். அடிபட்டு முன்பல் செத்த குழந்தைகளிடமிருந்தே ஒரு பால்பல்லை எடுத்து, அதன் செல்களைப் பெருக்கி, காலியான வேருக்குள் வைத்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருஷம் கழித்துப் பரிசோதித்த 26 குழந்தைகளின் பற்களில் வேர் நீண்டிருந்தது; ரத்த ஓட்டம் தெரிந்தது; உணர்வும் ஓரளவு திரும்பியிருந்தது. பழைய முறையில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு உணர்வு திரும்பவில்லை. கூசுவதற்காகவும் வலிப்பதற்காகவும் வைத்தியர் மகிழ்ந்தது இங்கேதான் போலும்!

நன்றாயிருக்கும் பல்லைப் பிடுங்கி உள்ளே பார்க்க யாருக்கு மனம் வரும்? சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை மறுபடியும் அடிபட்டு அந்தப் பல்லை இழந்தது. அதைச் சோதித்தபோது ரத்தக் குழாய்களும், டென்டினை உண்டாக்கும் செல்களும் உள்ளே இருந்தன. செல்களைப் பெருக்குவதற்குச் செலவு மிகுந்த பரிசோதனைச் சாலை வேண்டும். எனவே சாதாரணப் பல் ஆஸ்பத்திரிகளில் இன்னமும் கட்டாபெர்ச்சாவைத்தான் அடைத்து அனுப்புகிறார்கள்.