ஓர் அறை எரிந்தால் ஓர் அறையோடு போகட்டும்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரே பெரிய கட்டடம் இருக்காது. சின்னச் சின்ன அறைகள், நடுவே வெற்றிடம். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அளவு உண்டு. தீப்பிடித்தால் அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அலுவலகக் கணினிகளுக்கு இந்தக் கணக்கு புரிந்தது ஒரு பெரிய அடிக்குப் பிறகுதான்!

2000 மே 4, வியாழக்கிழமை. பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. அதன் இணைப்பு '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசி மூன்று எழுத்தை விண்டோஸ் மறைத்ததால் அது சாதாரணக் கடிதம் போலத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு நிரல். திறந்தவுடன் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளை அழித்தது. வலையமைப்பில் இணைந்திருந்த டிரைவ்களையும் விடவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைத்தது.

1999 மார்ச்சில் வந்த மெலிஸா முதல் 50 முகவரிகளுக்குத்தான் போனது. இதற்கு அந்த அளவும் இல்லை. அனுப்பியவர் தெரிந்தவராக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

சந்தேகிக்கப்பட்ட மாணவர் மீதான வழக்கு அதே ஆகஸ்டில் கைவிடப்பட்டது. காரணம், அன்று பிலிப்பைன்ஸில் அதற்குச் சட்டம் இல்லை. இந்தியாவில் வைரஸ் பரப்புவதற்கு இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

பிறகு வந்த தடுப்புகள் எல்லாம் சிவகாசி அறைகளைப் போன்றவை. நிரல் இணைப்புகளை அவுட்லுக்கே தடுத்தது. முகவரிப் புத்தகத்தை வேறு நிரல் தொட்டால் எச்சரித்தது. அஞ்சல் வழங்கி வாசலிலேயே வடிகட்டியது. பொது டிரைவில் எழுதும் உரிமை தேவையானவருக்கு மட்டும் என்றானது.

ஆனால் சுவர் மட்டும் போதாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவ ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. அலுவலகத்திலும் அப்படித்தான். 'என்னதான் இது?' என்று திறந்து பார்ப்பவரே அடுத்த அறைக்குத் தீயைக் கொண்டுபோகிறார். கணினியில் கோப்புதான் போகும், உயிர் போகாது. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: புகை தெரிந்தால் கிட்டப் போகாதே, உரியவரிடம் சொல்!