வக்ஃபு விளக்குகள் காட்சி அலமாரிக்குப் போன வரலாறு

கையால் செய்த கண்ணாடி அழகுப் பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் செல்வம் மிக்கோர் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பியவை, கெய்ரோவின் பள்ளிவாசல்களில் தொங்கிய விளக்குகள். பார்வைக்கு வாய் விரிந்த பூச்சாடி போன்ற அவ்விளக்கின் உடலில் சங்கிலி கோப்பதற்கான சிறு வளையங்கள் இருக்கும். உள்ளே நீரின்மேல் எண்ணெய் மிதக்க, அதில் திரி எரியும்.

மம்லூக் சுல்தான்கள் ஆண்ட 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் இக்கலை உச்சம் தொட்டது. குழலால் ஊதி உருவாக்கிய கண்ணாடியின்மீது வண்ணக் கண்ணாடித் தூளையும் பொன்னையும் குழைத்துத் தீட்டி, மீண்டும் சூளையில் சுடுவர். சூடு மிகுந்தால் விளக்கின் வடிவமே குலையும். குறைந்தால் வண்ணம் ஒட்டாது. பல விளக்குகளின் கழுத்தில் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தின் தொடக்கம் எழுதப்பட்டது. அல்லாஹ்வின் ஒளிக்கு மாடத்து விளக்கையும் அதைச் சூழ்ந்த கண்ணாடியையும் உவமை கூறும் வசனம் அது. திரி ஏற்றியதும் அவ்வெழுத்துகளே ஒளிரும். இதே கைவினை மரபினர் அரசவைக் கிண்ணங்களில் மனித உருவங்களையும் தீட்டினர். பள்ளிவாசல் விளக்குகளில் பெரும்பாலும் எழுத்தும் பூக்கொடியுமே காணப்படுகின்றன. எது எங்கே பொருந்தும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

விளக்கை வழங்கிய அமீரின் பதவிச் சின்னமும் அதில் இடம்பெறும். சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் மருமகனான அமீர் கவ்ஸூனின் விளக்கில் உள்ளது கிண்ணம். சுல்தானுக்குப் பானம் பரிமாறும் பொறுப்பைக் குறிப்பது அது. பெரும்பாலான விளக்குகளில் செய்தவரின் பெயர் கிடையாது. இந்த விளக்கிலோ அலீ இப்னு முஹம்மத் அல்பர்மகீ என்ற பெயர் உள்ளது. கெய்ரோவில் கவ்ஸூன் எழுப்பிய கட்டடத்துக்காகச் செய்யப்பட்ட அது, இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செல்வந்தர் ஜே. பியர்பான்ட் மார்கனின் சேகரிப்பிலிருந்து 1917இல் அன்பளிப்பாக அங்கே சேர்ந்தது.

1401இல் தைமூர் திமிஷ்கைச் சூறையாடிய பின் இத்தொழில் நலிந்தது. 1569இல் உஸ்மானிய அமைச்சர் ஸோகுல்லு மெஹ்மத் பாஷா வெனிஸ் நகரிடம் 900 விளக்குகள் கேட்கும் நிலை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களின் ஆசை கெய்ரோவை நோக்கித் திரும்பியது. ரோத்ஸ்சைல்டு குடும்பத்தாரும், பின்னர் எண்ணெய் வணிகர் குல்பென்கியனும் இவ்விளக்குகளைச் சேர்த்தனர்.

இங்கேதான் மார்க்கச் சட்டம் குறுக்கிடுகிறது. கைபர் நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது நிலைபெற்ற விதி, அப்பொருள் விற்கப்படவோ அன்பளிப்பாக வழங்கப்படவோ வாரிசுரிமையாகவோ கூடாது என்பது. பயன்படாது போன பொருளை மாற்றிக்கொள்வது பற்றி ஃபிக்ஹு அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் அது வக்ஃபின் நன்மைக்கான மாற்றம் பற்றியது, விலைக்கு மயங்கிக் கைமாற்றுவது பற்றியதன்று. வாங்கியவரை மட்டும் குறைகூறுவது எளிது. விற்றவரும் நம்மவரே, பொறுப்பாளர் கண் மூடாமல் கூரையிலிருந்து ஒரு விளக்கு இறங்கியிருக்க முடியாது.

எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சி 1881இல் அரபுக் கலைச் சின்னங்களுக்கான குழு அமைந்தபோதுதான் வலுப்பெற்றது. 1356இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலின் விளக்குகள் பல இன்று கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. இதற்குள் பாரிஸில் பிலிப் ஜோசப் ப்ரோக்கார் என்பவர் பழைய விளக்குகளைப் பார்த்துப் பயின்று, 1867 கண்காட்சியில் தம் போலிகளை வைத்துப் புகழ்பெற்றார். அப்போலிகளையும் இப்போது சேகரிக்கிறார்கள்.

2014 ஜனவரியில் கெய்ரோக் காவல்துறைத் தலைமையகத்தின் முன் வெடித்த குண்டு, எதிரே இருந்த அந்த அருங்காட்சியகத்தையும் சிதைத்தது. கண்ணாடிப் பொருள்கள் பல நொறுங்கின. சில்லுகளைப் பொறுக்கி ஒட்டிச் சீரமைத்த பிறகு, 2017இல் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன.