ஊமத்தம்பூ சொன்ன பதில்

எழுபதுகளின் கடைசி. காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. கவாத்து முடிந்ததும் அப்பா பென்சில் கனத்துக் குச்சிகளைப் பொறுக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றுவார். சில வாரத்தில் வேர் இறங்கிவிடும்.

அப்போதுதான் நான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். "வேர்த்தூவிச் செல் நீரை உறிஞ்சும், இலைச் செல் உணவு தயாரிக்கும், நரம்புச் செல் சேதி கொண்டுபோகும். ஒரு வேலைக்கென்று ஆகிவிட்ட செல் மாறாது" என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். தோட்டத்தில் அப்பாவிடமும் சொன்னேன். அவர் ஒரு குச்சியைப் பிடுங்கிக் காட்டினார்.

"இது தண்டுதானே வாத்தியாரே? வேர் விட இதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

பெரிய ஆட்களும் இதே கேள்வியில் நின்றவர்கள்தான். 1902-இல் ஆஸ்திரியாவின் ஹாபர்லாண்ட், இலைச் செல்களைத் தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தார். அவை உயிரோடிருந்தன, ஆனால் பிரிந்து பெருகவில்லை. 1958-இல் அமெரிக்காவில் ஸ்டீவர்ட், கேரட்டின் முதிர்ந்த செல்களிலிருந்து முழுச் செடிக்கு வழி கண்டார். 1964-இல் நம் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப்பையை வளர்த்தார்கள். தேடியது வேறு; கிடைத்தது அதிசயம். மகரந்தத்திலிருந்தே செடிக்கான கருக்கள் உருவாகியிருந்தன! தெருவோரத்தில் நாம் சீண்டாத ஊமத்தை உலகத்துக்கே பாடம் சொன்னது.

விலங்கிலும் அப்படித்தான். 1962-இல் இங்கிலாந்தின் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்துத் தவளை முட்டைக்குள் வைத்தார். அதிலிருந்து தவளை வளர்ந்தது. 2006-இல் ஜப்பானின் யமனாகா, எலியின் தோல் செல்லை எந்த வேலைக்கும் போகக்கூடிய பழைய நிலைக்கே திருப்பினார். 2012-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

விஷயம் இதுதான். நம் வாய்க்காலில் மடைகள் பல. திறந்த மடை வழியேதான் தண்ணீர் பாயும். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் உண்டு. எது திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதை வைத்தே அது வேராகிறது, இலையாகிறது, நரம்பாகிறது. அடைத்த மடை அழிந்துபோவதில்லை. குச்சியை வெட்டியதும், வெட்டுவாய்க்கு அருகிலுள்ள சில செல்கள் மறுபடி பிரிந்து வேராகின்றன. செடிக்கு இது சுலபம், நமக்குக் கடினம். அதனால்தான் வெட்டுப்பட்ட விரல் முளைப்பதில்லை.

பதில் எனக்கு விளங்கியபோது அப்பா இல்லை. ஊமத்தை ஆராய்ச்சியோ நான் வேலையில் சேரும் முன்பே நடந்து முடிந்தது. படிக்காதது என் தவறு. அன்று என் வகுப்பிலிருந்தவர்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்: செல் வேலைக்குப் போகும், ஆனால் படித்ததை மறக்காது.