தண்ணீர்மலையும் ஓர் அறிக்கையும்

தண்ணீர்மலை என்றவுடன் பினாங்குத் தமிழர் நெஞ்சில் தைப்பூசமும் முருகன் திருக்கோயிலும் தோன்றும். மலையிலிருந்து நீர் வருகிறது என்னும் எளிய உண்மையே அப்பெயராயிற்று. மக்கள் வாய்மொழியாக அறிந்திருந்த அவ்வுண்மையை அரசாங்கம் தன் ஏட்டில் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

ஜார்ஜ் டவுன் உயர் நீதிமன்றத்தின் அருகே நிற்கும் நினைவுச் சின்னத்தை ஏறிட்டும் பாராது கடந்து செல்வோரே பலர். அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞருக்கு எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1819-இல் பிறந்த அவர் 1869-இல் பினாங்கில் மறைந்தார். ‘இந்தோனேசியா’ என்னும் பெயர் வழக்கில் ஊன்ற வழிசெய்தவரும் அவரே. 1847-இல் அவர் சிங்கப்பூரில் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார்.

அதே 1847-இல், இலண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை ஒரு வினாவை எழுப்பியது. மரங்கள் ஒரு நாட்டின் தட்பவெப்பத்தையும் விளைச்சலையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று இந்தியாவிலிருந்த தன் அரசாங்கத்தைக் கேட்டது. இஃது அறிவு வேட்கையால் மட்டும் எழுந்த வினாவன்று. மழை பொய்த்தால் நிலவரியும் பொய்க்குமன்றோ! சென்னையில் மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் இப்பொருள் பற்றி எழுதிய குறிப்புகள் 1849-இல் வெளிவந்தன. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர்.

அரசு அலுவலராக இல்லாத லோகன் 1848-இலேயே எழுதிவிட்டார். மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்படுவதால் பினாங்கின் தட்பவெப்பத்திற்கு நேரக்கூடிய விளைவுகளைப் பற்றியது அவர் கட்டுரை. சாதிக்காயும் கிராம்பும் பொன்னாக விலைபோன காலம் அது. சில ஆண்டுகளுக்குள் கிழக்குப்புறச் சரிவுகளில் காடு நீங்கிவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார். தட்பவெப்பம் தனியொருவர் உடைமையன்று, சமுதாயம் முழுமைக்கும் உரியது. ஆகவே அதற்குக் கேடு நேராமற் காப்பது அரசின் கடமைகளுள் ஒன்று என்பது அவர் வாதத்தின் உயிர்நிலை.

அக்கால அறிஞர் பலர், மரமே மழையை அழைக்கிறது என்று பெரிதும் நம்பினர். கடல் சூழ்ந்த இச்சிறு தீவிற்கு மழையைக் கொணர்வது பெரும்பாலும் பருவக்காற்றும் கடலுமே என்பதை இன்றைய அறிவியல் கூறும். எனினும், பெய்த மழையைக் காடு மண்ணில் இருத்திச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது, சரிவு மண்ணை வேரால் பிணைக்கிறது என்னும் பகுதி சிறிதும் தளரவில்லை. ஒரு பாதி பிழைத்தமையால் மறுபாதியையும் தள்ளிவிடுதல் முறையாகாது.

லோகன் எழுதி 35 ஆண்டுகள் கடந்தன. இடையே 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசாங்கத்தின் பிடியினின்று நீங்கி, குடியேற்ற நாட்டு அமைச்சின்கீழ் வந்தன. 1883-இல் சிங்கப்பூர்ப் பூங்கா மேலாளர் நத்தேனியல் கேன்ட்லி இக்காடுகளின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். கேட்டு வாங்கிய அறிக்கையாதலின் அதற்குப் பயன் விளைந்தது. ஒதுக்குக் காடுகள் வரையறுக்கப்பட்டன. 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பினாங்கிற்கு அனுப்பப்பட்டார். தண்ணீர்மலை அடிவாரத்தில் தாவரவியல் பூங்கா உருவாயிற்று. ஆனால் 1910-இல் அப்பூங்காவையே நீர்த்தேக்கமாக்கக் கருதி நகராண்மையிடம் ஒப்படைத்தனர்! நல்லவேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டது. 1912-இல் பூங்கா மீண்டது.

அரசு அமைப்புகள் தட்பவெப்பம் பற்றிக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் குரல் இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. அனைத்துலகப் பொதுத்துறைக் கணக்கியல் தர வாரியம் அதற்கான வரைவு விதியை 2024-இல் வெளியிட்டது. மலேசியாவில் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் தம் ஆண்டறிக்கையில் நிலைபேறு பற்றிக் கூறியாக வேண்டும். பினாங்கின் குடிநீர் நிறுவனமோ மாநில அரசின் பெரும்பங்குடன் 2002 முதல் சந்தையில் உள்ளது. ஆதலின் தண்ணீர்மலையின் நீர் இன்று அறிக்கைக்குரிய பொருளாகிவிட்டது. கொடிமலைப் பகுதியை யுனெஸ்கோ 2021-இல் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்கத் தீவு ஆயத்தமாகும் திட்டத்திற்கு அனைத்துலகத் தகவமைப்பு நிதியம் இசைவளித்தது.

இத்தகைய அறிக்கைகளில் எழுதுவதற்கு எளியன சில உண்டு. அலுவலகத்தில் சேமித்த மின்சாரமும் நட்ட மரக்கன்றுகளும் அத்தகையன. எந்தச் சரிவில் எவருக்குக் கட்ட அனுமதி வழங்கப்பட்டது, அதன் கீழே வாழ்வோர் யாவர் என்பதை எழுதுவதே அரிது. 2017 அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளமொன்றில் மண் சரிந்து 11 தொழிலாளர் மாண்டனர். இரு வாரங்களில், நவம்பர் 4, 5 நாள்களில் கொட்டிய பெருமழையால் பினாங்கு மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸ் சாலைப்பணித் தளத்தில் மீண்டும் சரிவு. 9 பேர் மடிந்தனர். தீவின் மலைச்சரிவுகள் அரசின் கடமைக்குரியன என்று லோகன் எழுதி அப்பொழுது 170 ஆண்டுகள் ஆகியிருந்தன.