தெருவில் ஓடிய லாவா

'லாவா' என்றதும் உங்களுக்கு எரிமலைதானே ஞாபகம் வருது? இத்தாலியின் நேப்பிள்ஸ்வாசிகளுக்கு ஒரு காலத்தில் அது வெறும் மழைத்தண்ணி! பெருமழையில் தெருவில் திடீரென்று பாயும் வெள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். ஊருக்குப் பக்கத்திலேயே வெசூவியஸ் எரிமலை. அதிலிருந்து வழிந்த நெருப்புக்குழம்பையும் அப்படியே அழைத்தார்கள். 1737-ல் அது சீறியதைப் பற்றி பிரான்செஸ்கோ செராவோ என்ற மருத்துவர் எழுதிய நூலில் இந்தச் சொல் இடம்பெற, மெல்ல மற்ற மொழிகளுக்கும் பரவியது. (பூமிக்குள் இருக்கும்வரை குழம்புக்குப் பெயர் மாக்மா. கிரேக்கத்தில் பிசைந்த களிம்பு!)

கி.பி. 79-ல் பாம்பெய் நகரத்தை விழுங்கியது லாவாதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை சார்! லாவா பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும், ஓடித் தப்பிக்கலாம். பாம்பெயைக் கொன்றது வானத்திலிருந்து கொட்டிய நுரைக்கல்லும், சூறாவளி வேகத்தில் மலையிறங்கிய கொதிக்கும் சாம்பல் மேகமும். அதை முந்தி எங்கே ஓடுவது?

வெசூவியஸ் கடைசியாக வெடித்தது 1944-ல். அதன் அடிவாரத்தில் இன்றைக்கும் லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள்.