இலையுதிர் காலத்தில் கெளுத்தி மீன்

கோடை முடிந்து இலையுதிர் காலம் பிறக்கும் வேளையில் ஏரிக்கரையில் அமர்ந்து கெளுத்தி மீன் பிடிப்பது மேல்நாடுகளில் பலருக்கு இனிய பொழுதுபோக்கு. நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லையென்று புவியியல் பாடத்தில் படிக்கிறோம். ஆயினும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இலையுதிர் காலம் எதுவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை குறைந்து வெயில் ஏறும்போது ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாய் நிற்கும். பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். அதே வாரங்களில்தான் அல்லூரும் குட்டையும் வற்றிக் கெளுத்தி மீன் கைக்கு எட்டும். ஆகவே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கெளுத்தி பிடிப்பது, சம்பளப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு வருமானமாகவே இருந்து வந்தது. அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

இந்த வித்தையை நம் முன்னோர் கப்பல் ஏறும்போதே மனத்தில் சுமந்து வந்தார்கள். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பின்னர் கங்காணிகள் அழைத்து வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு வட்டாரங்களின் உழவுக் குடும்பத்தினர். தமிழ்நாட்டில் கோடையில் ஏரியும் கண்மாயும் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பது இன்றும் உள்ள வழக்கம். அடி அகன்று, மேலே கை நுழையும் அளவு வாய் வைத்துப் பின்னிய ஊத்தாவைச் சேற்றில் குத்தி, உள்ளே அகப்பட்ட மீனைத் துழாவி எடுப்பார்கள். இங்கே வந்து பார்த்தால் மலாய்க்காரரிடமும் அதே மாதிரிக் கூடை! அவர்கள் அதைச் 'செர்காப்' என்றார்கள். கடல் கடந்தும் சேறு ஒன்றுதான் போலும்.

நீர்நிலைகளுக்கும் இங்கே குறைவில்லை. ரப்பர் வருவதற்கு முன்பே, சுங்கை ஊஜோங் என்று வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில் சீனர்கள் ஈயம் தோண்டினார்கள்; கைவிட்ட லம்பங்களில் நீர் தேங்கிக் குட்டைகளாயின. பாஹாவ் பக்கம் போனால் ஜெம்போல் ஆறும் செர்த்திங் ஆறும் மிக நெருங்கி ஓடும் தாழ்நிலம். பழங்கால வணிகர்கள் படகைத் தரைமீது இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு மாற்றிய 'பெனாரிக்கான்' வழி அங்கேதான் இருந்தது. மூவார் ஆற்றில் ஏறிய படகு அந்த இடத்தைக் கடந்து பகாங் ஆற்றில் இறங்கிவிடும். படகை இழுக்க முடிந்த தாழ்நிலத்தில் கெளுத்திக்கு இடமில்லாமல் போகுமா?

மலாய் மொழியில் 'ஈக்கான் கெலி' எனப்படும் இம்மீனுக்கு உடம்பில் செதில் இல்லை. வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசைகள். செவுளுக்கு மேலே மரக்கிளை போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் அது காற்றையே சுவாசிக்கிறது. மற்ற மீன்கள் செத்து மிதக்கும் கலங்கல் நீரிலும் இது பிழைத்திருக்கும். மழை இரவில் தரைமீது நெளிந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். பக்கத் துடுப்பின் முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் கையை வைத்திருக்க வலி தணியும். வீக்கம் மிகுந்தால் மருத்துவமனைக்குப் போவதே நல்லது.

பால் நிறுத்து முடிந்து வீடு திரும்பிய பின், குட்டையின் ஒரு மூலையைச் சேற்றால் அணைகட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தால் நீரை இறைப்பார்கள். முழங்கால் சேறு மிஞ்சும்போது பிள்ளைகளும் இறங்கிவிடுவார்கள். மண்புழு கோத்த தூண்டில்களை மாலையில் அல்லூர் ஓரம் குத்தி வைத்து, விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் எடுப்போரும் உண்டு. சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்து வழவழப்பைப் போக்கும் வேலை மட்டும் பெண்களுடையது. அந்த உழைப்பைப் பற்றி மீன் பிடித்தவர் எவரும் பெருமையாகப் பேசி நாம் கேட்டதில்லை.

இந்த மீனின் அருமை தெரிந்தது பஞ்சத்தில்தான். உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930ஆம் ஆண்டில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு வந்தது 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலம். பர்மா அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சிய தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் குட்டையில் கிடைத்த மீனே கறி. திலாப்பியா மீன் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்ததும் அந்தக் காலத்திலேதான். அதனால்தான் அதை 'ஜப்பான் மீன்' என்றார்கள்.

இனி, நஞ்சின் கதையைச் சொல்லியாக வேண்டும். 'தூபா' என்னும் கொடியின் வேரை நசுக்கிப் பால்போன்ற சாற்றை ஆற்றில் விட்டால் மீன்கள் மயங்கி மேலே வரும். இது இந்நாட்டின் பழைய முறை. அவ்வேரில் உள்ள ரோட்டினோன் என்னும் பொருள் பூச்சிகளையும் கொல்லும் என்பதால், போருக்கு முன் அக்கொடியைப் பயிராக்கி ஏற்றுமதியும் செய்தார்கள். தூபா குஞ்சையும் விட்டுவைக்காது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

ஆனால் நம் அல்லூர்களைக் கெடுத்தவை தூபாவைவிடக் கொடியவை என்பது நமது எண்ணம். களைகளைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணம் பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. 1960களில் பேராகுவாட் வந்தது. முதுகில் தோம்பு சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்தடித்த பக்கம் மழைநீர் எங்கே வடியும்? மீன் கிடக்கும் பள்ளத்துக்குத்தான். பேராகுவாட் நம் நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான். ஆலைக் கழிவுநீரும் ஆற்றில் கலந்தது. செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் கழிவுநீர் விதிகள் பிறந்தன. கழிவு கலந்தால் நீரில் உயிர்வளி குறைந்து செதில் மீன்கள் முதலில் சாகும். காற்றை விழுங்கும் கெளுத்தி கடைசிவரை கிடக்கும். மீன் உயிரோடு இருக்கிறது, ஆகவே நீர் நல்லது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. 1980களில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்நாட்டுக்கு வந்து, வளர்ப்புக் குளங்களை நிறைத்துவிட்டது. வேகமாக வளர்கிறது, விலையும் மலிவு, குறை சொல்வதற்கில்லை. எனினும் நாட்டுக் கெளுத்தியின் ருசி வேறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். சந்தைக்குப் போகும்போது மீனின் தலையைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மண்டையோடு முடியும் ஓரம் வட்டமாக இருந்தால் அது 'கெலி பூங்கா'. கூராக இருந்தால் 'கெலி காயு'. இவையிரண்டும் நாட்டு மீன்கள். ஆங்கில 'எம்' எழுத்தைப்போல் வளைந்து வளைந்து இருந்தால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவமும் கண்ணில் படலாம். அது கெலி பூங்காவையும் ஆப்பிரிக்க மீனையும் கலந்து பண்ணையில் பிறப்பித்தது.