புகைமூட்டத்தால் காட்சி ரத்து: லண்டன், டிசம்பர் 1952

பழைய செய்தித்தாள் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது பொடி எழுத்துப் பத்திகளைத்தான். எந்தத் தியேட்டரில் என்ன படம், எத்தனை மணிக்கு ஷோ, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார், அரசு என்ன அறிவிப்பு விட்டது... ஒரு ஊருக்கு நாடி பிடித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

லண்டனின் "டைம்ஸ்" பத்திரிகையில் 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தில் செய்தியே வராது. முழுக்க இந்தப் பொடி விளம்பரங்கள்தான். நம்ம "தி ஹிந்து"வும் 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரத்துக்குத்தான் கொடுத்திருந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இன்று நாம் பார்க்கப்போவது 1952 டிசம்பரின் முதல் இரண்டு வார லண்டன். சினிமாப் பத்தி, நிலக்கரி அறிவிப்பு, இறப்புக் கணக்கு. மூன்றும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. மூன்றையும் சேர்த்துப் படிக்க ஆள் இல்லை.

முதலில் சினிமா.

போர் முடிந்து ஏழு வருடமாகியும் ஊர் இன்னும் ரேஷனில்தான் ஓடுகிறது. டீத்தூளுக்கு ரேஷன் நீங்கியதே அந்த அக்டோபரில்தான். சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் இன்னும் கார்டு வேண்டும். அச்சுக் காகிதத்துக்கும் கட்டுப்பாடு இருந்ததால் பேப்பர் மெலிந்து, விளம்பர எழுத்து இன்னும் பொடியாகிவிட்டது.

ஆனால் சினிமாவுக்குக் கூட்டம் குறையவில்லை. 1946ல் மட்டும் பிரிட்டனில் விற்ற டிக்கெட்டுகள் 163 கோடிக்கு மேல். மக்கள்தொகை 5 கோடிகூட இல்லாத நாடு! 1952ல் கொஞ்சம் இறங்கி 130 கோடி சொச்சம். சார்லி சாப்ளினின் "லைம்லைட்" அக்டோபரில்தான் லண்டனில் வெளியாகியிருந்தது. அகதா கிறிஸ்டியின் "தி மவுஸ்ட்ராப்" நாடகம் நவம்பர் 25ல் அம்பாசடர்ஸ் தியேட்டரில் ஆரம்பித்திருந்தது. அது இத்தனை வருடம் ஓடும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

அங்கே பல தியேட்டர்களில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், படம் சுற்றி வரும்வரை உட்காரலாம். குளிர்காலத்தில் வீட்டுக் கரியை மிச்சம் பிடிக்க இதுவும் ஒரு வழி. உள்ளே புகைபிடிக்கத் தடையெல்லாம் கிடையாது. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் இருவரும் இதே லண்டன் மருத்துவமனை நோயாளிகளை வைத்து 1950லேயே எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் டாக்டர்கள். அவர்களிலும் பலர் கையில் சிகரெட் இருந்தது. அது தனிக் கதை.

அடுத்து நிலக்கரி.

பிரிட்டன் நல்ல கரியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. டாலர் வேண்டும், கடன் அடைக்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்குக் கரியும் ரேஷன். குளிர் வந்ததும் அரசு ஒரு சலுகை அறிவித்தது: டிசம்பர் 1 முதல் "நட்டி ஸ்லாக்" ரேஷன் இல்லாமல் கிடைக்கும்.

நட்டி ஸ்லாக் என்றால் கரித்தூள். நடுவே சின்னச் சின்னக் கட்டிகள் கிடக்கும். விலை மலிவு, சூடு கம்மி, புகை ஏராளம். சுருக்கமாகச் சொன்னால், நல்லதைக் கப்பலேற்றிவிட்டு அடியில் தங்கியதைச் சொந்த ஜனத்துக்குக் கொடுத்தார்கள். இதைத்தான் மக்களுக்குச் செய்த உதவி என்று அறிவித்தார்கள்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை.

லண்டன் மேல் ஒரு உயர் அழுத்த மண்டலம் வந்து உட்கார்ந்தது. காற்று அசையவில்லை. வழக்கமாகத் தரையருகே சூடு, மேலே போகப்போகக் குளிர். அன்று தலைகீழ். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி. இட்லிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான வீடுகளின் கணப்பு, மின்நிலையங்கள், பஸ்கள் எல்லாம் கக்கிய புகை வெளியே போக வழியில்லை.

பிரிட்டிஷ் வானிலைத் துறையின் கணக்குப்படி ஒவ்வொரு நாளும் 1,000 டன் புகைத்துகள். 370 டன் கந்தக டை ஆக்சைடு பனித்துளியில் கலந்து சுமார் 800 டன் கந்தக அமிலமாக மாறியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 48 மணி நேரம் 10 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் தீப்பந்தம் பிடித்து நடந்தார்.

இப்போது சினிமாப் பத்திக்குத் திரும்புவோம். புகை கட்டடத்துக்குள்ளும் நுழைந்தது. பின் வரிசையிலிருந்து பார்த்தால் திரை தெரியவில்லை. காட்சிகள் ரத்தாகின. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் திங்கட்கிழமை "லா ட்ராவியாட்டா" ஓபராவை முதல் அங்கத்தோடு நிறுத்தினார்கள். காசநோயில் இருமி இருமிச் சாகும் பெண்ணின் கதை அது. அரங்கமே இருமிக்கொண்டிருக்க, மேடையில் அவள் சாகும் கட்டம் வரவே இல்லை.

பேப்பர்களுக்கு இதெல்லாம் சுவையான செய்தி. கால்பந்து ரத்து, ஓபரா ரத்து, எர்ல்ஸ் கோர்ட் கால்நடைக் கண்காட்சியில் பரிசு மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. ஆம், முதலில் பேசப்பட்ட சாவு மாடுகளின் சாவு.

மனிதர்கள்?

ஒரு டாக்டராக எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. அந்த வாரம் ஒவ்வொரு குடும்ப டாக்டரும் வழக்கத்தைவிட நாலு பேரைக் கூடுதலாகப் பார்த்திருப்பார். வயதானவர், பல வருட நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. இன்று சிஓபிடி என்கிறோம். அமிலத் துளியும் கரித்துகளும் உள்ளே போனதும் மூச்சுக்குழாய் சுருங்கும், சளி கட்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், ஏற்கெனவே தளர்ந்த இதயம் திணறும். இரண்டு நாளில் முடிந்துவிடும். போகி அதிகாலையில் சென்னையில் வீசிங்கோடு வருபவர்களைப் பார்த்திருந்தால் இதன் சிறு மாதிரி தெரியும். அது சில மணி நேரம். இது ஐந்து நாள்.

டாக்டர் சான்றிதழில் என்ன எழுதினார்? மூச்சுக்குழாய் அழற்சி. நிமோனியா. இதயச் செயலிழப்பு. எல்லாம் சரியான காரணங்கள்தான். குளிர்காலத்தில் கிழவர்கள் சாவது புதிதா என்ன? "டைம்ஸ்" முதல் பக்க இறப்புப் பத்தியும் உதவாது. அது காசு கொடுத்துப் போடுவது. அதிகம் செத்த கிழக்கு லண்டன் தொழிலாளி வீட்டில் அதற்குப் பணம் ஏது? சவப்பெட்டி தீர்ந்துவிட்டது, பூக்கடையில் பூ இல்லை என்ற பேச்சுதான் முதல் துப்பு.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை காற்று வீசியது. புகை கலைந்தது. தியேட்டர்கள் திறந்தன. சினிமாப் பத்தி பழையபடி வந்தது.

பிறகுதான் பதிவாளர்களின் எண்கள் வந்து சேர்ந்தன. முந்தைய ஆண்டு அதே வாரத்தில் பெருநகர லண்டனில் இறந்தவர்கள் 1,852 பேர். இந்த ஆண்டு டிசம்பர் 13ல் முடிந்த வாரத்தில் 4,703 பேர். மூச்சுக்குழாய் அழற்சி, நிமோனியா சாவுகள் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தன.

யாரும் எதிர்பார்க்காத விபத்தா என்றால், அதுவும் இல்லை. 1930ல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் இதே போன்ற புகையில் 60 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த ஃபிர்கே என்ற மருத்துவர், இது லண்டனில் நடந்தால் சுமார் 3,200 பேர் சாவார்கள் என்று 1936லேயே கணக்குப் போட்டு எழுதினார். பதினாறு வருடம் முன்பே!

அரசின் முதல் கணக்கு 4,000 சாவு. ஆனால் ஜனவரி, பிப்ரவரியிலும் சாவு இறங்கவில்லை. அதற்கு ஃப்ளூ காரணம் என்று சொல்லி அந்தக் கணக்கைத் தனியே ஒதுக்கினார்கள். 2001ல் மிஷல் பெல், டெவ்ரா டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, ஃப்ளூ அவ்வளவு பேரைக் கொன்றிருக்க முடியாது, மொத்தம் 12,000 வரை போகும் என்றார்கள்.

அரசு உடனே பதறியதா? இல்லை. 1953 நவம்பரில் இதய, நுரையீரல் நோயாளிகளுக்குத் துணி மாஸ்க் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். அமிலக் காற்றுக்குத் துணி! பீவர் கமிட்டி போட்டார்கள். அதன் இறுதி அறிக்கை 1954ல் வந்த பிறகும் அரசு இழுத்தடிக்க, நபாரோ என்ற ஆளுங்கட்சி எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கினார். 1956ல் சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் வீட்டில்கூடப் புகைவிடும் கரி எரிக்கக் கூடாது. மாற்று அடுப்புக்கு அரசு மானியம் கொடுத்தது. என்னைக் கேட்டால் சட்டத்தைவிட அந்த மானியம்தான் வேலை செய்தது. வெறும் தடை போட்டிருந்தால் ஏழை குளிரில் செத்திருப்பான். 1962 டிசம்பரில் மறுபடி அதே மாதிரி புகை வந்தபோது நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் இல்லை.

அந்தச் சான்றிதழ் விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. தென்கிழக்கு லண்டனில் நெரிசலான சாலை அருகே வசித்த 9 வயதுச் சிறுமி ஒருத்தி 2013ல் ஆஸ்துமாவில் இறந்தாள். தாய் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காரணங்களில் ஒன்றாகக் காற்று மாசு என்று எழுதினார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புச் சான்றிதழில் அந்தச் சொல் ஏறியது அதுதான் முதல் முறை.